வராத பிள்ளையைத் தேடிச் செல்லும் கல்வி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், பங்குப் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

பொன்விழாக் காணும் இந்த ஆலயத்தின் மணியும், இதன் நிழலிலே நிற்கும் பள்ளியின் மணியும் இத்தனை ஆண்டுகளாக ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே ஒலித்து வந்திருக்கின்றன. ஆகவே இந்த விழாவிலே பள்ளியைப் பற்றியும் பேச வேண்டும், அதிலும் வகுப்பறைக்குள் வந்துவிட்ட புதிய கருவிகளைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று பங்குத்தந்தை அவர்கள் எங்களைப் பணித்தார்கள். நாங்கள் கம்ப்யூட்டர் நிபுணர்கள் அல்லர். சாக்பீஸ் தூளிலே காலம் கழித்தவர்கள். எனவே கருவிகளின் நுட்பத்தை விளக்க நாங்கள் முன்வரவில்லை. கருவிகள் வந்தபின் எங்கள் வகுப்பில் நடந்ததையும், அதிலே நாங்கள் கற்றுக்கொண்டதையும், எங்களுடைய பெரும் பிழை ஒன்றையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

கருவி புதிதன்று

கருவி என்றாலே அஞ்சுகிறவர்கள் நம்மிடையே உண்டு. கருவி வந்துவிட்டால் கல்வியே வந்துவிட்டது என்று மகிழ்கிறவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கருவி புதிதன்று என்பதை இருவருமே நினைத்துப் பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளியிலே மணல் ஒரு கருவி; விரலால் எழுதலாம், அழிக்கலாம், மறுபடியும் எழுதலாம். ஓலையும் எழுத்தாணியும் கருவிகள். சிலேட்டும் பலப்பமும் கருவிகள். அச்சுப் புத்தகம் வந்தபோது அதுவும் அந்நாளைய புதுமையாகவே இருந்தது.

இதிலே நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. 1578ஆம் ஆண்டு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறிய மறைக்கல்வி நூலைத் தமிழ் எழுத்திலே அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தால் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அதுவே முதலாவது. பின்னர், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத காமநாயக்கன்பட்டியிலே பணியாற்றிய வீரமாமுனிவர், தமிழ் எழுத்திலேயே ஒரு சீர்திருத்தம் செய்தார். அந்நாள் ஓலைகளில் எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதைப் படிக்கிறவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குறிலுக்கும் நெடிலுக்கும் தெளிவான வேறுபாடு காட்டி, அந்தத் தடுமாற்றத்தை அவர் நீக்கினார். இன்று முதல் வகுப்புப் பிள்ளை 'எடு', 'ஏடு' என்று தயங்காமல் படிக்கிறதென்றால் அதிலே அந்த முனிவரின் உழைப்பும் இருக்கிறது.

அச்சுக் கோத்தவரும் எழுத்தைத் திருத்தியவரும் கருவியின் மேல் கொண்ட மோகத்தால் அதைச் செய்யவில்லை. எழுத்து எட்டாத ஒருவருக்கு அதை எட்டச் செய்ய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். எந்தக் கருவியையும் அளந்து பார்க்க இதுவே சரியான படி என்று நாங்கள் கருதுகிறோம். கருவியின் விலை எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பவையெல்லாம் பிறகு. அது எந்தப் பிள்ளையைப் படிப்பின் பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது? எந்தப் பிள்ளையை வெளியே நிறுத்துகிறது? முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

நம் மண்ணின் கதை

இந்தக் கேள்வி வேறெந்த ஊரையும்விட நம் விருதுநகர் மாவட்டத்துக்கு அதிகமாகப் பொருந்தும். நம்முடையது கரிசல் பூமி, மழை குறைந்த மண். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்துதான் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அதே தொழில் ஒரு காலத்தில் நம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டது என்பதையும் மறைக்கக் கூடாது. விடியற்காலை இருட்டிலே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். அப்படி ஏறிப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே தாத்தாவாகவும் அம்மாச்சியாகவும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மறுபுறத்தில், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவருவதற்கு வழி கண்டதும் இந்த மண்ணே. விருதுநகரிலே வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கி வைத்து, அந்த அரிசியைத் திரட்டிப் பள்ளி நடத்தினார்கள். அப்படி வளர்ந்த க்ஷத்ரிய வித்யாசாலாவிலே படித்தவர்தான் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அவ்வூரில் பிறந்த காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளை படிக்க வராது என்று அவர் அறிந்திருந்தார்.

பிறகு சட்டம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களுள் சிவகாசியும் ஒன்று. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கிலே உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அருட்சகோதரிகளும் ஆசிரியர்களும் வீடு வீடாக நடந்தார்கள். பெற்றோரும் மனம் மாறினார்கள். ஆக, இந்த வட்டாரத்திலே பள்ளிக்கூடம் என்றால், பிள்ளையைக் கொண்டுவந்து பெஞ்சிலே உட்கார வைப்பதே அதன் முதல் வேலை. பாடம் அதற்குப் பிறகுதான்.

கருவிகள் வந்த காலம்

அப்படி வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் கைக்குக் கருவிகள் வரத் தொடங்கின. 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடங்களின் ஓரத்திலே கியூ.ஆர். குறியீடுகள் அச்சாகி வந்தன. செல்போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது.

இவற்றால் விளைந்த நன்மையை நாங்கள் குறைத்துச் சொல்லமாட்டோம். இதயத்தை நாங்கள் கரும்பலகையில் வரைந்தபோதெல்லாம் அது ஒரு மாம்பழம் போலத்தான் இருந்தது. திரையிலே அது சுருங்கி விரிந்து இரத்தத்தைத் தள்ளுவதைக் கண்ட நாளன்று, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, யாரும் சொல்லாமலே தன் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். பார்வை குறைந்த மாணவன் ஒருவன், புத்தகத்தைப் போன் படிக்கக் கேட்டு, மற்றவர்களுக்கு முன்னதாகவே விடை சொன்னான். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரே பாடத்தை நாலு முறை ஓட்டிக் காட்டலாம். கருவிக்குச் சலிப்பு வருவதில்லை. எங்களுக்கு வரும், அதை ஒப்புக்கொள்கிறோம்.

நீலக் குறி சொன்ன பொய்

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. இடையிலே ஏறத்தாழ 19 மாதங்கள். எல்லாரையும் போல நாங்களும் வாட்ஸ்அப் குழு அமைத்துக் காலையிலே பாடம் அனுப்பினோம். அனுப்பியதை யார் யார் பார்த்தார்கள் என்று போன் நீலக் குறியிட்டுக் காட்டும். அந்தக் குறியைப் பார்த்து, நோட்டிலே 'வருகை' என்று எழுதிக்கொண்டோம்.

ஏழாம் வகுப்பிலே ஒரு பையன். அவன் வீட்டு எண்ணுக்கு நேரே நாள் தவறாமல் நீலக் குறி விழுந்தது. நல்ல பையன், படிக்கிறான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். பள்ளி திறந்தது. முதல் நாள் அவன் வரவில்லை. முதல் வாரமும் வரவில்லை. சனிக்கிழமை மாலை எங்களில் இருவர் அவன் வீடு தேடிப் போனோம். அவன் தாய் வாசலிலே நின்று சொன்னது இன்றும் எங்கள் காதிலே இருக்கிறது:

"டீச்சர், போன் எங்கிட்டதான் இருக்கும். வேலைக்குப் போகையில கேட்டுல குடுத்துட்டு உள்ள போவேன். சாயங்காலம் வாங்கினதும் என்னமோ வந்திருக்கேன்னு எல்லாத்தையும் தொறந்து பாப்பேன். எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். அது அவனுக்கு வந்த பாடம்னே எனக்குத் தெரியாமப் போச்சு."

பையன் எங்கே என்று கேட்டோம். கூலிக்கு வெடிக் குழாய் சுற்றப் போயிருந்தான். இருட்டிய பிறகு வந்தவன் எங்களைக் கண்டதும் கதவுக்குப் பின்னே ஒதுங்கிக்கொண்டான். "வாசிக்க மறந்துபோச்சு சார். எல்லாரும் சிரிப்பாங்க" என்றான்.

மூன்று முறை போனோம். மூன்றாம் முறை அவனுடைய பெஞ்சுத் தோழனையும் கூட்டிக்கொண்டு போனோம். அடுத்த திங்கட்கிழமை அவன் வந்துவிட்டான். அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்றில், நம் தெருப் பெண் ஒருவரே தன்னார்வலராக இருந்து மாலை வேளைகளில் அவனுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித் தந்தார். பள்ளியிலே, பிறர் முன்னே வாசிக்க வெட்கப்பட்ட அவனுக்கு, தனியே ஒரு மூலையில் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வாசிக்கும் பயிற்சி கொடுத்தோம். திரை அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆறு மாதத்தில் வகுப்பின் நடுவே எழுந்து வாசித்தான்.

அவனைக் கூட்டிவந்தவர்கள் மனிதர்கள். வந்தபின் வெட்கமின்றிப் படிக்க உதவியது கருவி. கருவியும் வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னே ஒருவர் அந்த வீட்டுப் படியேறிப் போயிருக்க வேண்டும். நாங்கள் 19 மாதம் போகாமல் இருந்துவிட்டோம். அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை திரும்பி வரவேயில்லை. குடும்பம் ஊர் மாறிவிட்டது, எண்ணும் மாறிவிட்டது. பழைய குழுவிலே அந்தப் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

பட்டியலில் இல்லாத குரு

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை நம்மில் பலரும் சிறுவயதில் கேட்டுச் சிரித்ததுதான். குரு குதிரையில் போகிறார். கீழே விழுந்தால் எதையெதை எடுக்க வேண்டும் என்று சீடர்களுக்கு ஓலையிலே பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் குருவே பள்ளத்தில் விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்துப் பார்த்து, பட்டியலில் உள்ள துணிமணிகளையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். குருவைத் தூக்கவில்லை. ஏனென்றால் குருவின் பெயர் பட்டியலில் இல்லை!

கருவியும் அந்தச் சீடர்களைப் போன்றதே. சொன்னதைத் தவறாமல் செய்யும். வருகையைக் கணக்கெடுக்கும், மதிப்பெண்ணைக் கூட்டும், பார்த்தவரின் பெயரைக் காட்டும். பள்ளத்திலே விழுந்து கிடக்கும் பிள்ளையைப் பற்றிப் பட்டியலில் எழுதவில்லையென்றால் அதைத் திரும்பியும் பார்க்காது. அதற்காகக் கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை. பட்டியலே போதும் என்று நம்பிய நாங்கள்தான் அன்று சீடர்களாக இருந்தோம்.

ஃபயர் ஆபீஸ் கற்றுத் தரும் பாடம்

ஆபத்தான பொருளை அளவோடு கையாளுவது எப்படி என்று நமக்கு வெளியூரார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபயர் ஆபீஸில் வேலை செய்யும் உங்களுக்கே அது தெரியும். மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிறீர்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டுமே உள்ளே கொண்டுபோகலாம். கலந்ததை மறுநாளுக்கு மீதி வைக்கக் கூடாது. செல்போனை உள்ளே கொண்டுபோகவே கூடாது. மருந்து தீயது என்பதற்காக இந்த விதிகள் ஏற்பட்டனவா? இல்லை. அதன் வலிமை தெரிந்ததனால் ஏற்பட்டவை.

விதி ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் அறியும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நினைவோடு சொல்கிறோம்: மருந்துக்கு விதி வைத்துக்கொண்ட நாம், பிள்ளையின் கையில் கொடுக்கும் செல்போனுக்கு ஒரு விதியும் வைக்காமல் இருப்பது சரியா?

ஆகவே எங்கள் வகுப்பறைக்கு நாங்களே சில விதிகள் வகுத்துக்கொண்டோம். முதலாவது, பாடத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டுமே திரையில் காட்டுவோம். காட்டி முடித்ததும் அணைத்துவிடுவோம். ஆசிரியர் இளைப்பாறுவதற்காகத் திரையை ஓடவிடமாட்டோம். இரண்டாவது, திரையில் பார்த்ததைப் பிள்ளை தன் கையால் எழுதவோ, செய்யவோ, வாயால் சொல்லவோ வேண்டும். மூன்றாவது, வீட்டிலே போன் இல்லாத பிள்ளையால் செய்ய முடியாத வீட்டுப்பாடம் எதையும் கொடுக்கமாட்டோம். நான்காவது, பிள்ளைகளின் படத்தையும் மதிப்பெண்ணையும் குழுக்களில் பரப்பமாட்டோம். நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோர் இசைவைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் பிள்ளையின் மானம் கேட்கும். ஐந்தாவது, ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால், போன் செய்வதோடு நில்லாமல் நேரிலே போய்ப் பார்ப்போம்.

வற்றாத ஆறு எங்கே ஓடுகிறது?

இப்போது புதிதாக வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு. கேள்வியைச் சொன்னால் கட்டுரையே எழுதித் தந்துவிடும். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தோம். ஒரு மாணவியின் கட்டுரை பிழையில்லாமல், அழகான நடையில் இருந்தது. வற்றாத ஆறும், கரை நெடுகத் தென்னந்தோப்பும், பச்சைப் பசேலென்ற நெல் வயலும் அதிலே இருந்தன. "அம்மா, நம்மூரில் வற்றாத ஆறு எங்கே ஓடுகிறது? காட்டு, நாங்களும் போய்க் குளித்துவிட்டு வருகிறோம்" என்றோம். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்துவிட்டாள்.

நாங்கள் அவளைத் தண்டிக்கவில்லை. "வீட்டிலே அம்மாச்சியிடம் கேட்டு எழுதி வா" என்று மட்டும் சொன்னோம். இரண்டு நாள் கழித்து ஒரு பக்கம் எழுதி வந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் அதிலே, எட்டு வயதில் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குக் காத்து நின்ற அம்மாச்சி இருந்தார். தூங்கி விழுந்தால் எழுப்பிவிடப் பக்கத்தில் உட்காரும் தோழி இருந்தாள். பள்ளி மணி கேட்கும்போதெல்லாம் வண்டிச் சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்ததும் இருந்தது. அந்தப் பேத்திக்கு அதுவரை அந்தக் கதை தெரியாது. அம்மாச்சியை யாரும் கேட்டதில்லை.

இயந்திரம் தந்த கட்டுரை எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஊருக்கும் பொருந்தாது. பேத்தி எழுதியதை அவள் மட்டுமே எழுத முடியும். அதன் பிறகு, அவள் எழுதிய பக்கத்திலுள்ள எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்க அதே இயந்திரத்தைப் பயன்படுத்தச் சொன்னோம். பிள்ளை முதலில் சிந்திக்கட்டும், கருவி பின்னால் வந்து உதவட்டும். இந்த வரிசை மாறாமல் இருக்கும்வரை பெரிய கேடு வந்துவிடாது என்பது எங்கள் அனுபவம்.

திருச்சபையும் உலகமும்

இது நம் ஊரின் கவலை மட்டுமல்ல. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கருவிகள் நேருக்கு நேர் கற்பித்தலுக்குத் துணையாக இருக்க வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று எச்சரித்தது. செல்வம் மிகுந்த சுவீடன் நாடே அந்த ஆண்டு அச்சுப் புத்தகங்களை வகுப்பறைக்குத் திரும்பக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று கற்பித்தது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள உயிருள்ள உறவின் இடத்தை எந்த இயந்திரமும் நிரப்ப முடியாது என்றே வற்புறுத்துகிறது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதற்கு ஒரு காரணம் சொன்னார். 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவை நினைவுகூர்ந்து, இன்றைய செயற்கை நுண்ணறிவும் மனித மாண்புக்கும் உழைப்புக்கும் அப்படியொரு சவாலாக வந்திருக்கிறது என்றார். உழைத்துப் பிழைக்கும் நம்மைப் போன்ற ஊராருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 2006இல் 15ஆம் வயதிலே இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்கூத்திஸ், 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். கம்ப்யூட்டரில் வல்லவர், அதைக் கொண்டு நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகுக்கு அளித்தவர். வீடியோ விளையாட்டில் ஆசை இருந்தும் அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்டவர். அந்தத் தன்னடக்கத்தையும் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

பிடி அரிசி போல ஒரு பிடி நேரம்

முடிக்குமுன் உங்களிடம் சில வேண்டுகோள்கள். பெற்றோரே, வேலைத் தலத்தின் கேட்டிலே செல்போனைக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. வீட்டுக்கும் அப்படி ஒரு கேட்டு வையுங்கள். மாலைச் செபமாலை தொடங்கும் வேளையிலே எல்லாப் போன்களும், உங்களுடையதும் சேர்த்து, ஒரு பெட்டிக்குள் போகட்டும். சாப்பாடு முடிந்து பிள்ளை படித்த பிறகு வெளியே வரட்டும். தலையணைக்கு அடியிலே போன் வேண்டாம். மருந்தை மறுநாளுக்கு மீதி வைப்பதில்லையே, அதைப் போல. உங்களுக்குப் படிக்கத் தெரியாதென்று தயங்காதீர்கள். "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் தெருவில் பள்ளிக்கு வராத பிள்ளை ஒன்று இருந்தால், எங்கள் வருகைப் பதிவேட்டைவிட உங்களுக்கே முதலில் தெரியும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இளைஞர்களே, பங்கு மண்டபத்தை மாலை வேளையில் படிப்புக் கூடமாகத் திறந்துவிடப் பங்குத்தந்தை அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் போனோ வெளிச்சமோ அமைதியோ இல்லாத பிள்ளை அங்கே வந்து, பள்ளியின் பொதுக் கம்ப்யூட்டரில் ஒருவர் மேற்பார்வையிலே படிக்கட்டும். அந்த மேற்பார்வைக்குத்தான் ஆள் வேண்டும். முன்னோர் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கினார்கள். நாம் வீட்டுக்கு ஒருவர், வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நூறு ஆடுகளை உடைய ஆயன், தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போனான் என்று நம் ஆண்டவர் உவமை சொன்னார். நம் வகுப்பறைத் திரைகள் அந்தத் தொண்ணூற்றொன்பதையும் நன்றாகவே கவனித்துக்கொள்ளும். அதனால் மிச்சமாகும் நேரத்திலே ஆசிரியர் எழுந்து அந்த ஒன்றைத் தேடிப் போக முடியுமானால், அந்தக் கருவியை ஆயிரம் முறை வாழ்த்தி வரவேற்போம். போகாமல் இருப்பதற்கு அது ஒரு சாக்காகுமானால், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதை அணைத்து வைப்போம்.

அடுத்த திங்கட்கிழமை காலை மணி அடிக்கும்போது, எங்கள் வகுப்புகளில் எத்தனை இடம் காலியாக இருக்கிறதென்று எண்ணுவோம். அன்று மாலையே புறப்படுவோம். வழி காட்ட உங்களில் ஒருவர் உடன் வாருங்கள். இயேசுவைக் காணாமல் மூன்று நாள் தேடி அலைந்து ஆலயத்திலே கண்டடைந்த அன்னை மரியாள் நமக்குத் துணை நிற்பாராக.